பிழைத்தவர் குருதியில் பிறந்த மருந்து



இந்தச் சொற்பொழிவின் பொருள், குருதிக்கசிவுக் காய்ச்சல்களை உண்டாக்கும் கொடிய வைரஸ்களுக்கு மருந்து கண்டறியப்பட்ட வரலாறும், இன்னும் கைக்கு எட்டாத மருந்துகளுக்கான தேடலும் ஆகும். எபோலா, மார்பர்க், லாசா, ஹூனின், கிரிமிய-காங்கோ என்னும் பெயர்கள் செய்தித்தாள்களில் அச்சத்தின் மொழியிலேயே எழுதப்படுகின்றன; அந்த அச்சத்துக்கு எதிராக ஆய்வுக்கூடங்களிலும் நோயாளிகளின் படுக்கையருகிலும் நடந்த நெடிய உழைப்பு அதே அளவுக்குப் பேசப்படுவதில்லை. இந்த நோய்களுக்குக் கிடைத்த மருந்துகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றின் வேர், நோயில் விழுந்து எழுந்த ஒருவரின் குருதியில் இருக்கிறது. அத்தகைய மருந்தின் பயனோ, அது நோயாளியை எத்தனையாவது நாளில் சென்று சேர்கிறது என்பதில் இருக்கிறது. குருதி, நாள் ஆகிய இரண்டு சொற்களையும் அவையோர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறது இவ்வுரை.

முதலில், குருதிக்கசிவுக் காய்ச்சல் என்பது என்ன? குருதிக்குழாய்களின் சுவர் தளர்ந்து, குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர்மம் வெளியே கசிந்து, குருதி உறையும் ஆற்றல் குலைந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நிலையையே மருத்துவம் இப்பெயரால் குறிக்கிறது. டெங்கு முற்றிய பிள்ளையை மருத்துவமனையில் வைத்துக்கொண்டு, இன்று தட்டணுக்கள் எவ்வளவு என்று காலையும் மாலையும் கேட்டு நின்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நிலை புதிதன்று. ஆயினும் பெயர் சற்றே தவறான சித்திரத்தைத் தருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, காரணம் தெரியாத குருதிப்போக்கு 5 நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்பட்டது. வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் உடலின் நீர் வற்றி, சிறுநீரகமும் கல்லீரலும் ஓய்ந்து இறந்தவர்களே மிகுதி.

இவற்றுக்கு மருந்து காண்பது ஏன் இவ்வளவு கடினமாயிற்று? பாக்டீரியா தனக்கெனச் சுவரும், தனக்கெனச் சமையற்கட்டும் கொண்ட தனிக்குடித்தனம். அதன் சுவரைத் தகர்க்கும் பெனிசிலின், சுவரே இல்லாத மனித உயிரணுவை ஒன்றும் செய்வதில்லை. வைரஸ் அப்படியன்று. மனித மரபுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆனதென்றால், எபோலா வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 19,000 எழுத்துகளுக்குள், ஏழே மரபணுக்களில் முடிந்துவிடுகிறது. அது அடுப்பும் பாத்திரமும் கொண்டுவராமல், மனித உயிரணுவுக்குள் நுழைந்து, அங்கே இருப்பதை வைத்தே தன் படிகளைப் பெருக்கிக்கொள்கிறது. எதை அடித்தால் வைரஸ் மட்டும் சாகும், உயிரணு பிழைக்கும்? அடிப்பதற்கு அதன் சொந்தப் பொருள் இத்தனை குறைவாக இருக்கும்போது குறி எங்கே? வைரஸ் எதிர்ப்பு மருந்தியலின் முழு வரலாறும் இக்கேள்விக்கான விடைகளின் வரலாறே.

முதல் விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. அர்ஜென்டினாவின் சோள வயல்களில் அறுவடைக் காலந்தோறும் உழவர்களைத் தாக்கிய ஒரு காய்ச்சல், வயல் எலிகளின் கழிவிலிருந்து பரவும் ஹூனின் வைரஸால் வருவது. ஹூலியோ மைஸ்தேகி என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், இந்நோயிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவை, அதாவது குருதியிலிருந்து அணுக்களைப் பிரித்தபின் எஞ்சும் தெளிந்த நீர்மத்தை, நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தனர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு பகுதியினருக்கு நோய் வராதவர்களின் சாதாரண பிளாஸ்மா ஏற்றப்பட்டது. 1979-ல் வெளியான அந்த ஆய்வில், சாதாரண பிளாஸ்மா பெற்ற 97 பேரில் 16 பேர் இறந்தனர். மீண்டவர் பிளாஸ்மா பெற்ற 91 பேரில் இறந்தவர் ஒருவரே. நோய் தொடங்கி எட்டு நாட்களுக்குள் ஏற்றியாக வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போதே வகுக்கப்பட்டது. குருதியும் நாளும் கைகோத்து நிற்பதை உலகம் தெளிவாகக் கண்ட முதல் இடங்களில் இதுவும் ஒன்று.

நாளின் மதிப்பை இன்னும் கூர்மையாகக் காட்டியது லாசா. 1969-ல் நைஜீரியாவின் லாசா என்னும் ஊரில் பணியாற்றிய செவிலியர் ஒருவரிடம் முதலில் அறியப்பட்ட இக்காய்ச்சலை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஹோர்டி கசால்ஸ் தாமே அதற்கு ஆளாகி, அந்நோயிலிருந்து மீண்ட வேறொரு செவிலியரின் பிளாஸ்மா ஏற்றப்பட்டுப் பிழைத்தார். அதே ஆண்டின் இறுதியில் அங்கே பணியாற்றிய தொழில்நுட்பர் ஒருவரையும் அது தொற்றியபோது, நோய் இன்னதென்று தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது, அவர் பிழைக்கவில்லை. பின்னர் சியரா லியோனில் ஜோசப் மெக்கார்மிக் குழுவினர் ரிபாவிரின் என்னும் மருந்தைச் சோதித்து, 1986-ல் முடிவுகளை வெளியிட்டனர். கல்லீரல் நொதி மிகுந்து, இறப்புக்கு அருகில் இருப்பதாகக் கணிக்கப்பட்ட நோயாளிகளுள், இம்மருந்து பெறாத 60 பேரில் 33 பேர் இறந்தனர்; காய்ச்சல் கண்ட ஆறு நாட்களுக்குள் சிரைவழியே மருந்து தொடங்கப்பட்ட 20 பேரில் ஒருவரே இறந்தார்; ஏழாம் நாளோ அதற்குப் பின்னரோ தொடங்கப்பட்ட 43 பேரில் 11 பேர் இறந்தனர். மருந்து ஒன்றுதான், நோயும் ஒன்றுதான், மாறியது நாள் மட்டுமே. அந்த ஆய்வு நோயாளிகளை முழுமையாகக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தப்பட்டதன்று என்பதால், ரிபாவிரினின் உண்மையான பலம் பற்றிய ஐயம் இன்றளவும் மருத்துவ உலகில் நீடிக்கிறது. அந்த ஐயம் நியாயமானதே. நாற்பது ஆண்டுகளாகியும் அதைத் தீர்க்கும் அளவுக்கு ஒரு பெரிய சோதனை முடிவடையவில்லை என்பது, இந்நோய்கள் யாருடைய ஊர்களில் வருகின்றனவோ அவ்வூர்களின் ஏழ்மையைப் பற்றிப் பேசுகிறது.

இனி, இவ்வுரையின் நடுப்பொருளான எபோலாவுக்கு வரலாம்.

1976-ல், அன்று ஜயீர் எனப்பட்ட காங்கோவின் யாம்புக்கு என்னும் சிற்றூரில், ஒரு மிஷன் மருத்துவமனையைச் சுற்றிப் பெயர் தெரியாத காய்ச்சல் ஒன்று பரவியது. நாளொன்றுக்கு ஐந்து ஊசிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றையே ஒருவருக்குப் பின் ஒருவராகப் பயன்படுத்தியதால் நோய் மருத்துவமனையிலிருந்தே ஊருக்குள் சென்றது. 318 பேர் நோயுற்றனர். 280 பேர் இறந்தனர். தலைநகர் கின்ஷாசாவிலிருந்து அங்கே அனுப்பப்பட்ட மருத்துவர் ஜான்-ஜாக் முயெம்பே. கையுறையின்றி அவர் நோயாளிகளிடம் குருதி எடுத்தார். ஊசியை உருவியபின் துளையிலிருந்து குருதி நில்லாமல் வழிந்து அவருடைய விரல்களை நனைத்தது. சோப்பும் தண்ணீரும் இட்டுக் கழுவிக்கொண்டார், அவ்வளவே. அவர் தம்முடன் தலைநகருக்கு அழைத்துச் சென்ற பெல்ஜிய நாட்டுக் கன்னியர் ஒருவரின் குருதி ஆன்ட்வெர்ப் நகரத்துக்கு அனுப்பப்பட்டு, அதிலிருந்து புதிய வைரஸ் இனங்காணப்பட்டது. அப்பகுதியில் ஓடும் எபோலா ஆற்றின் பெயர் அதற்கு இடப்பட்டது. அன்று அந்த விரல்களில் நோய் தொற்றியிருந்தால், இனி வரும் வரலாற்றில் பெரும்பகுதி நடந்திருக்காது.

1995-ல் கிக்விட் நகரில் எபோலா மீண்டும் தலைகாட்டியது. நோயுற்றோரில் 100-க்கு 80 பேர் இறந்தனர். அங்கே முயெம்பேயும் உடன் பணியாற்றிய காங்கோ மருத்துவர்களும், நோயிலிருந்து மீண்டவர்களின் குருதியை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினர். எட்டில் ஏழு பேர் பிழைத்தனர். அயல்நாட்டு வல்லுநர்கள் இதை ஒப்பவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லை, அந்த எட்டுப் பேர் நோயின் பிற்பகுதியில் இருந்தனர், அவர்களுக்குப் பராமரிப்பும் கூடுதலாகக் கிடைத்தது என்பன அவர்களின் மறுப்புகள். அறிவியல் நோக்கில் அம்மறுப்புகள் தவறல்ல. ஆனால் மறுத்தபின் என்ன செய்வது? சரியான முறையில் மீண்டும் சோதித்துப் பார்ப்பதல்லவா அடுத்த படி? அந்தப் படியை எடுத்து வைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பதே இவ்வரலாற்றின் வேதனையான பகுதி.

குருதியில் அப்படி என்ன இருக்கிறது? உடலுக்குள் அயற்பொருள் நுழைந்தால், பி உயிரணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள், அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை உண்டாக்குகின்றன. எதிர்ப்பொருள் என்று பாடநூல்களிலும் ஆன்டிபாடி என்று மருத்துவமனைகளிலும் வழங்கும் இப்புரதங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே நோயாளியின் குருதியிலேயே ஆயிரமாயிரம் வகைகள் இருக்கும். அவற்றுள் சில வைரஸின் உயிர்நிலையைப் பிடிக்கும். பல, பிடித்தும் பயனில்லாத இடத்தைப் பிடிக்கும். மீண்டவரின் பிளாஸ்மாவை ஏற்றுவது, எத்தனை நெல், எத்தனை பதர் என்று புடைக்காமலே மூட்டையோடு கொடுப்பதற்கு ஒப்பாகும். 2015-ல் கினியாவில் 84 நோயாளிகளுக்கு மீண்டவர் பிளாஸ்மா ஏற்றிப் பார்த்தபோது, இறப்பு குறைந்ததாக உறுதி சொல்ல முடியாமற்போனதற்கு, அதிலிருந்த எதிர்ப்பொருளின் அளவு முன்கூட்டி அளக்கப்படாததும் காரணமாக இருக்கலாம். எனவே அந்த மூட்டையிலிருந்து தரமான மணி ஒன்றைப் பொறுக்கியெடுத்து, அதை மட்டும் விதைத்துப் பெருக்க முடியுமா என்பதே கேள்வியாயிற்று. ஒரே பி உயிரணுவின் மரபுச் செய்தியிலிருந்து, ஒரே வகை எதிர்ப்பொருளைக் கலன்களில் வளர்த்துப் பெருக்கும் முறைக்கு மோனோகுளோனல் முறை என்று பெயர்.

முதல் முயற்சி தோற்றது. கிக்விட்டில் பிழைத்த ஒருவரிடமிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் ஒன்று, ஆய்வுக்குழாயில் வைரஸை நன்றாகவே தடுத்தது. 2007-ல் வெளியான ஆய்வில் குரங்குகளைக் காக்கத் தவறியது. எபோலாவுக்கு எதிர்ப்பொருள் மருந்து ஆகாது என்று பலர் முடிவு கட்டினர். ஆனால் அதே கிக்விட்டில் பிழைத்த இன்னொருவர், நோய் தணிந்து பதினோர் ஆண்டுகள் கழித்து, 2006-ல் தம் குருதியைக் கொடுத்திருந்தார். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் நான்சி சல்லிவன் குழுவினரும், சுவிட்சர்லாந்தில் அன்டோனியோ லான்சவெக்கியா, டேவிட் கோர்ட்டி ஆகியோரும், முயெம்பேயுடன் இணைந்து அந்தக் குருதியை ஆராய்ந்தனர். பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னும் அவருடைய உடல் எபோலாவை மறந்திருக்கவில்லை. பழைய பகைவனை நினைவில் வைத்திருந்த பி உயிரணுக்கள் அங்கே இருந்தன. அவற்றுள் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டதே எம்ஏபி114 என்னும் எதிர்ப்பொருள். தொற்று நிகழ்ந்து ஐந்து நாட்கள் கழித்து அதை மட்டும் கொடுத்தும் குரங்குகள் பிழைத்தன என்பது 2016-ல் வெளியானது.

ஒன்று தோற்றது ஏன், மற்றொன்று வென்றது ஏன்? இவ்விடத்தில் சற்று நின்று, வைரஸ் உயிரணுவுக்குள் நுழையும் காட்சியை அருகிலிருந்து காண்பது தகும். எபோலா வைரஸ் பார்வைக்கு நூலிழை போன்றது. அதன் மேலெங்கும் சர்க்கரைப் போர்வை போர்த்திய புரதக் கூர்கள் நிற்கின்றன. உயிரணு அதை ஏதோ உணவுத் துணுக்கென எண்ணி, ஒரு சிறு பைக்குள் வைத்து விழுங்குகிறது. பைக்குள் அமிலம் ஏறுகிறது. அங்குள்ள நொதிகள், கத்திரியால் நறுக்குவதுபோல் அந்தச் சர்க்கரைப் போர்வையை வெட்டி அகற்றுகின்றன. உயிரணு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் அந்த வெட்டே, போர்வைக்கடியில் ஒளிந்திருந்த திறவுகோலை வெளிப்படுத்திவிடுகிறது. பையின் சுவரில் நிற்கும் என்பிசி1 என்னும் புரதத்தில் அத்திறவுகோல் சென்று பொருந்த, வைரஸின் உறையும் பையின் சுவரும் ஒன்றாகி, வைரஸின் மரபுச்சரம் உயிரணுவுக்குள் கொட்டுகிறது.

பூட்டாக அமையும் அந்த என்பிசி1 புரதம் 2011-ல் அடையாளம் காணப்பட்ட கதை தனிச் சிறப்புடையது. அப்புரதம் பிறவியிலேயே குறைபட்ட குழந்தைகளுக்கு, கொழுப்பு உயிரணுக்களில் தேங்கி நரம்புகள் நலியும் நீமன்-பிக் என்னும் கொடிய பரம்பரை நோய் வருகிறது. அக்குழந்தைகளின் தோலிலிருந்து எடுத்த உயிரணுக்களை ஆய்வுத் தட்டில் வைத்து எபோலாவை விட்டபோது, வைரஸ் உள்ளே நுழைய முடியாமல் நின்றது. உலகின் ஒரு மூலையில் நோயுற்ற குழந்தையின் தோல், இன்னொரு மூலையில் சாகும் மனிதரின் நோய்க்குப் பூட்டு எது என்று காட்டியது. எம்ஏபி114-ன் வெற்றியும் இங்கேதான் விளங்குகிறது: அது, திறவுகோல் பூட்டில் பொருந்தும் அதே இடத்தைப் பற்றுகிறது, அமிலத்திலும் கழன்றுவிடாமல், போர்வை வெட்டப்பட்ட பின்னும் பிடி தளராமல், பைக்குள் வரை வைரஸுடனே சென்று அத்திறவுகோலை மூடி நிற்கிறது.

இத்தகைய ஆய்வுகளை எந்தக் கூடத்திலும் செய்துவிட முடியாது. உயிருள்ள எபோலாவைக் கையாள நான்காம் நிலைப் பாதுகாப்புக் கூடம் வேண்டும். இந்தியாவில் புணேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தில் அத்தகைய கூடம் 2012-ல் அமைந்தது. காற்று ஊதி உப்பிய முழுவுடல் உடைக்குள் ஆய்வாளர் நுழைகிறார். கூரையிலிருந்து தொங்கும் சுருள் குழாய் ஒன்றை உடையில் பொருத்திக்கொண்டால்தான் மூச்சுக்குக் காற்று. இடம் மாறும்போதெல்லாம் அதைக் கழற்றி அடுத்த குழாயில் மாட்டிக்கொள்ள வேண்டும். தடித்த கையுறைக்குள் விரல் உணர்ச்சி மங்கும். வெளியே வரும்போது உடையோடு வேதிநீரில் குளித்தாக வேண்டும். ஒரு தட்டில் 384 சிறு குழிகள், ஒவ்வொரு குழியிலும் உயிரணுக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேதிப்பொருள். வைரஸ் பெருகினால் பச்சையாக ஒளிரும்படி அமைத்துவிட்டால், ஒளிராமல் இருண்டு கிடக்கும் குழியே மருந்துக்கான முதல் நம்பிக்கை. இந்தத் தேடல் வேலையின் பெரும்பகுதியைச் சாதாரணக் கூடங்களில் முடிப்பதற்காக, தீங்கு குறைந்த வேறொரு வைரஸுக்கு எபோலாவின் மேற்புரதத்தை மட்டும் அணிவித்து மாற்று உரு ஒன்றும் படைக்கப்பட்டது. மார்பகப் புற்றுக்கு வழங்கும் டோரிமிஃபீன், கருத்தரிப்புக்கு வழங்கும் குளோமிஃபீன் போன்ற பழைய மருந்துகள் எபோலாவின் நுழைவைத் தடுப்பதும், எலிகளைக் காப்பதும் 2013-ல் இவ்வகைத் தேடலில் தெரியவந்தவையே. ஆனால் குழியில் வென்றது எலியில் வெல்வதும், எலியில் வென்றது குரங்கில் வெல்வதும், குரங்கில் வென்றது மனிதரில் வெல்வதும் வேறு வேறு செய்திகள்.

அதற்கு ரெம்டெசிவிரைவிடச் சிறந்த சான்று இல்லை. வைரஸ் தன் மரபுச்சரத்தைப் படியெடுக்கப் பாலிமரேஸ் என்னும் நொதியைப் பயன்படுத்துகிறது. அந்நொதி எடுத்துக் கோக்கும் எழுத்துகளுள் ஒன்றைப் போலவே வேடமிட்ட போலி எழுத்துதான் ரெம்டெசிவிர். நொதி ஏமாந்து அதைக் கோத்துவிட்டால், அடுத்த சில எழுத்துகளோடு சரம் முடங்கிப்போகிறது. எபோலா தொற்றி மூன்று நாட்கள் கழித்து இம்மருந்தைத் தொடங்கியும் குரங்குகள் அனைத்தும் பிழைத்தன என்று 2016-ல் செய்தி வந்தபோது, மருத்துவ உலகம் பெருமூச்சு விட்டது. மனிதரிடம் என்ன ஆயிற்று?

அதற்கு விடை சொன்ன சோதனை 2018 நவம்பரில் காங்கோவின் கிழக்கே, வடக்கு கிவு மாநிலத்தில் தொடங்கியது. அதற்கு முன், 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 28,600 பேருக்கு மேல் நோயுற்று 11,300 பேருக்கு மேல் இறந்த பெருந்துயரில், எந்த மருந்தும் தன்னை மெய்ப்பிக்க முடியாமலே போயிற்று. புகையிலைச் செடிகளில் வளர்த்த மூன்று எதிர்ப்பொருள்களின் கலவையான ஜீமேப்பைப் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 37 விழுக்காட்டினரும் இறந்தனர். ஆனால் சோதனையில் 72 பேர் சேர்வதற்குள் கொள்ளைநோய் வடிந்துவிட்டதால், அந்த வேறுபாடு தற்செயலா அன்றா என்று முடிவாகச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை. நோய் கொழுந்துவிட்டெரியும்போதே, முதல் நாளிலிருந்தே, குலுக்கல் முறையில் சோதனை நடந்தாக வேண்டும் என்பதே அங்கே கிடைத்த பாடம்.

அந்தப் பாடத்தைக் காங்கோ நிறைவேற்றிக் காட்டியது. ஸ்வாஹிலி மொழியில் 'பமோஜா துலிண்டே மாய்ஷா', அதாவது 'ஒன்றாக உயிர்களைக் காப்போம்' என்று பெயரிடப்பட்ட அச்சோதனையில் 681 நோயாளிகள் சேர்ந்தனர். ஜீமேப், ரெம்டெசிவிர், எம்ஏபி114, ரீஜெனெரான் நிறுவனத்தின் மூன்று எதிர்ப்பொருள் கலவை என நான்கு மருந்துகள். எவருக்கு எது என்பதைக் குலுக்கலே முடிவு செய்தது. வெறும் நீர் கொடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. அது போர் நடந்துகொண்டிருந்த நிலம். 2019 பிப்ரவரியில் கட்வாவிலும் புட்டெம்போவிலும் சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயின. ஏப்ரலில் உலக நலவாழ்வு அமைப்பின் கேமரூன் நாட்டு மருத்துவர் ரிச்சர்ட் மூசோகோ புட்டெம்போ மருத்துவமனையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயினும் பெனி நகரில் ஒளிபுகும் சுவர் கொண்ட தனியறைகளுக்குள் நோயாளிகள் படுத்திருக்க, சுவருக்கு வெளியே நின்று தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, செவிலியர்கள் அச்சுவரில் பதித்த கையுறைகளுக்குள் கைவிட்டு ஊசியேற்றிக்கொண்டிருக்க, சோதனை நின்றுவிடாமல் நடந்தது.

2019 ஆகஸ்ட் 9 அன்று, இடைக்கால முடிவுகளைக் கண்ட மேற்பார்வைக் குழு சோதனையை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னது. விடை அவ்வளவு தெளிவாக இருந்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஜீமேப் பிரிவில் 49.7 விழுக்காடு, ரெம்டெசிவிர் பிரிவில் 53.1, எம்ஏபி114 பிரிவில் 35.1, மூன்று எதிர்ப்பொருள் கலவைப் பிரிவில் 33.5. குரங்குகள் அனைத்தையும் காத்த மருந்து பின்தங்கியது. கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் குருதியில் பிறந்த மருந்தும், மனித எதிர்ப்பொருள் மரபணுக்கள் பொருத்திய எலிகளிடமிருந்து பிறந்த கலவையும் முன்னே வந்தன. குருதியில் வைரஸ் குறைவாக இருந்தபோதே மருந்து பெற்றவர்களில் இறப்பு ஏறத்தாழ 10, 11 விழுக்காடு. வைரஸ் பெருகிய பின் பெற்றவர்களில், அதே சிறந்த மருந்துகளாலும் அது 60 விழுக்காட்டுக்கு மேல். அறிகுறி தோன்றிய ஒரு நாளுக்குள் வந்தவர்களில் 19 விழுக்காட்டினரும், ஐந்து நாள் கடந்து வந்தவர்களில் 47 விழுக்காட்டினரும் இறந்தனர். சிகிச்சை தள்ளிப்போன ஒவ்வொரு நாளும் இறப்புக்கான வாய்ப்பு விகிதத்தை 11 விழுக்காடு கூட்டியது. லாசாவில் 1986-ல் கண்ட அதே கணக்கு!

2020 அக்டோபரில் அந்தக் கலவை இன்மசெப் என்ற பெயரிலும், டிசம்பரில் எம்ஏபி114 எபாங்கா என்ற பெயரிலும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றன. 1976-ல் வெறுங்கையால் குருதி எடுத்த அதே முயெம்பே, கின்ஷாசாவில் உள்ள தேசிய உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்து, காங்கோவில் எடுக்கப்படும் எபோலா குருதி மாதிரிகள் இனிக் காங்கோவிலேயே இருக்கும், ஆராய விரும்புவோர் அங்கே வரலாம் என்று அறிவித்தார். அது முற்றிலும் முறையான அறிவிப்பு. குருதி ஒரு நாட்டிலிருந்தும் காப்புரிமை இன்னொரு நாட்டிலிருந்தும் வருவதும், மருந்தை அமெரிக்க அரசு தன் தேசியக் கையிருப்புக்கென வாங்கி அடுக்குவதும் ஒருபுறம் நடக்க, நோய் வரும் ஊரில் மருந்து இல்லையென்றால், முதல் நாளில் மருந்து கொடுப்பது யாரால் ஆகும்?

இத்தனைக்குப் பிறகும், இவ்விரு மருந்துகளும் ஜயீர் வகை எபோலாவுக்கு மட்டுமே உரியவை. உகாண்டாவில் 2022-லும் 2025-லும் பரவிய சூடான் வகையை அவை தொடுவதில்லை, மார்பர்க்கையும் தொடுவதில்லை. அங்கோலாவில் 2004-05-ல் மார்பர்க் கண்ட 252 பேரில் 227 பேர் இறந்தனர். 2024-ல் ருவாண்டாவில் 66 பேருக்கு அந்நோய் வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்கள். இறந்தவர் 15 பேர். விரைவாகக் கண்டறிந்தது, நல்ல தீவிர சிகிச்சை, ரெம்டெசிவிர், எம்பிபி134 என்னும் புதிய எதிர்ப்பொருள் கலவை ஆகியவற்றுள் எது எத்தனை பங்கு காத்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் சேர்ந்து காத்தன.

எதிர்ப்பொருளுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. அது பெரிய புரதம். விழிக்குள்ளும் விந்தகத்துக்குள்ளும் எளிதில் நுழைவதில்லை. வைரஸோ அங்கே பதுங்கத் தெரிந்தது. 2021 பிப்ரவரியில் கினியாவின் எண்செரெக்கோரே பகுதியில் புதிதாக எபோலா தோன்றியபோது, அதன் மரபுத்தொகுதி 2014-ஆம் ஆண்டு வைரஸை ஏறத்தாழ அப்படியே ஒத்திருந்தது. வௌவாலிடமிருந்து புதிதாக வந்ததன்று, முன்பு பிழைத்த ஒருவரின் உடலில் ஐந்தாண்டுகளுக்கு மேல் உறங்கிக்கிடந்தது அது. ஆகவே உடலின் மூலை முடுக்கெல்லாம் சென்று சேரும் சிறு மூலக்கூறு மருந்தும், அதிலும் குறிப்பாக விழுங்கத்தக்க மாத்திரையும் வேண்டும். ரெம்டெசிவிரின் தாய்ப்பொருளிலிருந்து செய்த ஒபெல்டெசிவிர் என்னும் வாய்வழி மருந்து, சூடான் வகை வைரஸ் தொற்றிய குரங்குகளுக்குத் தொற்றின் மறுநாளே தொடங்கிப் பத்து நாள் கொடுத்தபோது அவற்றைக் காத்தது. குரங்குக்கும் மனிதருக்கும் இடையிலான தொலைவு எத்தகையது என்பதை அவையோர் சற்றுமுன்தான் கேட்டனர். ஆதலால் நம்பிக்கையோடு சேர்ந்து பொறுமையும் இங்கே தேவை.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகளா? அல்ல. 2011-ல் குஜராத்தில் அகமதாபாத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கிரிமிய-காங்கோ காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டபோது, நோயாளியோடு அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரும் செவிலியரும் மாண்டனர். அதற்கும் நெடுநாள் முன்பே, 1957-ல், கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் மரத்திலிருந்து செத்து விழுந்தன. அவற்றைத் தொடர்ந்து மனிதர்கள் காய்ச்சலில் விழுந்தனர். உண்ணிகளால் பரவும் அந்தக் கியாசனூர் காட்டு நோய், 2012-13-ல் பந்திப்பூரிலும், நீலகிரியின் முதுமலைப் பகுதியிலும், வயநாட்டிலும் குரங்குகளிடம் கண்டறியப்பட்டது. காட்டுக்கு விறகு பொறுக்கவும், சருகு அள்ளவும், மாடு மேய்க்கவும் செல்கிறவர்களே அதற்கு ஆளாகிறார்கள்.

அந்நோயின் போக்கும் இவ்வுரையில் கேட்ட கணக்கோடு பொருந்துகிறது. முதல் வாரத்தில் கடுங்காய்ச்சலும் உடல்வலியும், சிலருக்குக் குருதிக்கசிவு, பின் காய்ச்சல் விட்டு ஒரு வாரமோ இரண்டு வாரமோ உடல் தேறியதுபோல் தோன்றி, ஒரு பகுதியினருக்கு மூளையைத் தாக்கும் இரண்டாம் சுற்று. தொடக்க நாட்களிலேயே, வைரஸ் குருதியில் இருக்கும்போதே மருந்து கொடுப்பதற்கு இடைவெளி இருக்கிறது. பூட்டைக் காட்டும் முறை தெரிந்திருக்கிறது. போலி எழுத்துகளைச் செய்யும் வேதியியல் தெரிந்திருக்கிறது. பிழைத்தவர்களின் குருதி மலைநாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் இருக்கிறது. நான்காம் நிலைக் கூடமும் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், காய்ச்சலோடு காட்டிலிருந்து இறங்கி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மரப்பலகையில் வந்து அமர்பவருக்கு, அந்த நோய்க்கென்றே ஆன மருந்து ஒன்றும் இன்னும் இல்லை. பாராசிட்டமாலும் சிரைவழி நீருமே கொடுக்கப்படுகின்றன.